டாக்டருக்கு மேலே ஒரு டாக்டர்

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்திக்குப் பாராட்டு விழா என்று அடித்த ஃப்ளெக்ஸில் “டாக்டர். டாக்டர்.” என்று இரண்டு தடவை அடித்து வந்திருந்தது. அச்சடித்த பையனைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தவன் நான். கால்நடை மருத்துவம் முடித்தபோதே அவள் டாக்டர். இப்போது முனைவர் பட்டமும் வாங்கிவிட்டாள், அதற்கொரு டாக்டர். ஆக இரண்டு, கணக்குச் சரி என்றுதான் நினைத்தேன். பத்துக்கு எட்டு அடி, நாலு மூலையிலும் ரோஜாப்பூ, அவள் தலைக்குப் பின்னால் சாமி படத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு ஒளிவட்டம். அவள் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. “பெரியப்பா, இத எங்கயும் கட்டிராதிய” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பாராட்டு விழா விஷயத்தில் நான் செய்த தப்புகளில் அது சின்னது. பெரியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி படித்த பிள்ளை இப்போது ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. உங்கள் ஊரிலும் யாராவது விழா எடுக்க நினைத்தால், நான் விழுந்த குழியைச் சுற்றிப் போகட்டும்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம், மானூருக்கு மேற்கே. அங்கே பால் சொசைட்டியில் 27 வருஷம் செயலாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அவள் எங்கள் தெருப் பிள்ளை. அவள் அப்பா எனக்குத் தம்பி முறை. இரண்டு மாடு, இருபது செம்மறி. பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காரணம் போகப் போகத் தெரியும்.

2012-ல் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் ஊர் பஸ் அந்த வழியாகத்தான் போகும். அதற்கு முன்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு நாமக்கல்லுக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். அவள் 2014-ல் பன்னிரண்டாவது முடித்தாள். மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். இடம் கிடைத்தது.

முதல் வருஷ லீவில் ஒரு நாள் அம்மாவுக்குப் பதிலாகப் பால் ஊற்ற வந்தாள். நான் பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரைப் போட்டு அளவு சொன்னேன். “கறந்த சூட்டோட பாத்தா அளவு குறைச்சுத்தான் காட்டும் பெரியப்பா. சூட்டுக்குத் தக்கன திருத்தணும்லா” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இத்தனை வருஷமாக இவன் நம் பாலைக் குறைத்து எழுதிவிட்டானோ என்ற பார்வை. அடுத்த வாரமே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன்.

முதலில் இளங்கலை, அதன் கடைசியில் பயிற்சி. அப்புறம் நாமக்கல்லில் இரண்டு வருஷம் முதுகலை. அப்புறம் சென்னை வேப்பேரியில் முனைவர் பட்டம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. பத்து வருஷத்துக்குக் குறையாத படிப்பு. ஊரில் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “இன்னுமா படிக்கா? ஆசுபத்திரியில ஊசி போட என்னைக்குப் போவா?” ஊசி போடுகிற டாக்டர் எல்லாருக்கும் தெரியும். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் என்ன செய்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள் அவளோடு போய்ப் பார்த்தேன். சாம்பிள் எடுக்க வந்தவள், பைக் இல்லை என்று என்னைக் கூப்பிட்டாள். விடிகாலை நாலரை மணி. மானூர்ப் பெரியகுளத்துப் பக்கம் ஒரு தரிசில் ஆடு மேய்க்கிற தாத்தா கிடை போட்டிருந்தார். எல்லாருக்கும் அவர் தாத்தாதான். செவ்வாடும் கீழக்கரிசலும் கலந்த மந்தை. செவ்வாடு முழுக்கச் செம்மண் நிறம். கீழக்கரிசலுக்கு முதுகு செவலை, அடிவயிறு கரி பூசின மாதிரி இருக்கும்.

தாத்தாவின் பேரன் ஒரு ஆட்டைப் பிடித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி, தாடையை மேலே தூக்கினான். அவள் நெற்றியில் கட்டிய லைட்டோடு குனிந்து, கழுத்து ஓரத்து முடியை விலக்கி, பஞ்சால் துடைத்து, கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நரம்பு பென்சில் தடிமனுக்குப் புடைத்து வந்தது. ஊசி ஏறியதும் குழாய் தானாகவே இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டது. ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல் பைய எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்தினாள், உறையக் கூடாதாம். சிவப்பு மூடிக் குழாயை அப்படியே சாய்த்து வைத்தாள், அது உறைய வேண்டுமாம். பிறகு ஆட்டின் உதட்டைப் பிரித்துப் பல் எண்ணி, “நாலு பல்லு” என்று நோட்டில் எழுதினாள். ஊர், சொந்தக்காரர், ஆட்டின் நம்பர், முகத்தில் வீக்கம் உண்டா, கால் நொண்டுகிறதா. எழுதி முடித்துக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்த பிறகுதான் அடுத்த ஆடு.

நாற்பது ஆடு. முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. சட்டையில் புழுக்கை, முட்டியில் சேறு, ஒரு ஆடு மிதித்ததில் கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. இந்த மாதிரி எத்தனை காலை என்று கேட்டேன். “எண்ணலை பெரியப்பா” என்றாள்.

அவள் பார்த்தது நீலநாக்கு நோய். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் செம்மறிக்கு வரும். காய்ச்சல் அடிக்கும், உதடும் மூஞ்சியும் வீங்கும், வாய் புண்ணாகி இரை எடுக்காது, குளம்புக்கு மேலே வலித்து நொண்டும். சிலதுக்கு நாக்கு நீலம் பாய்ந்துவிடும். இது ஆட்டிலிருந்து ஆட்டுக்குச் சும்மா ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. கியூலிகாய்ட்ஸ் என்று ஒரு பொடிப்பூச்சி கடித்துத்தான் பரப்புகிறது. கொசுவைவிடச் சின்னது. சாணி கலந்த ஈரச் சேற்றில் முட்டையிடும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. அந்தக் கிருமி மாட்டு இரத்தத்திலும் இருக்குமாம். மாடு பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. தின்னும், அசைபோடும், பால் கறக்கும். பூச்சி அதைக் கடித்துவிட்டுப் போய் ஆட்டைக் கடித்தால் ஆடு படுத்துவிடும். இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான மாட்டைப் பார்த்தவன் நான், இது தெரியாது. பரிசோதனை இரண்டு விதம் என்றாள். ஒன்று, கிருமியையே தேடுவது. இன்னொன்று, கிருமி வந்துபோன அடையாளத்தைத் தேடுவது. களவாணியைக் கையும் களவுமாகப் பிடிப்பது ஒன்று, மறுநாள் வந்து கால்தடம் பார்ப்பது இன்னொன்று என்று நான் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். “அதேதான்” என்றாள். ஊதா மூடியும் சிவப்பு மூடியும் எதற்கென்று அப்போது புரிந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் மாட்டுத் தொழுவத்தில் ராத்திரி ஒரு ஊதா விளக்கைத் தொங்கவிட்டாள். கீழே சின்ன ஃபேன், அதற்குக் கீழே தண்ணி டப்பா. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியை ஃபேன் இழுத்துத் தண்ணியில் தள்ளும். இரண்டு நாளைக்கு எங்கள் தெருவில் பிள்ளைகள் ராத்திரி வெளியே வரவில்லை. தொழுவத்தில் முனி நிற்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

புரட்டாசியில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு முடிந்தது. வழிகாட்டிப் பேராசிரியரோடு நின்று எடுத்த போட்டோவை அவள் அப்பாவுக்கு அனுப்பினாள், அவன் எனக்கு அனுப்பினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொசைட்டி வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதிப் போட்டேன். “நம் ஊர் மகள், ஆடுகளைக் கொல்லும் நீலநாக்கு நோய்க்கு மருந்து கண்டுபிடித்து டாக்டர் பட்டம் பெற்றார்.” ஒரு உள்ளூர்ச் செய்தியாளர் தம்பி போன் செய்தார், அவரிடமும் அதையே சொன்னேன். போட்டோவோடு வந்துவிட்டது. என் போன் நம்பரையும் சேர்த்து யாரோ அதை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. டாக்டர், நோய், பட்டம். இந்த மூன்றையும் சேர்த்தால் மருந்துதானே வரும் என்று என் புத்தி தானாகவே போட்டுக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்தது. போன் வர ஆரம்பித்தது. சங்கரன்கோவில், கயத்தாறு, ஓட்டப்பிடாரம். “அந்த மருந்து எங்க கிடைக்கும் அண்ணாச்சி? எம்புட்டு ஆகும்?” முதல் இரண்டு நாள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்கு. சாக்குக்குள் ஒரு பெட்டைக்குட்டி. மூஞ்சி வீங்கி, மூக்கில் சளி காய்ந்து, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தது. ஏழு ஆடு போய்விட்டதாம். “இது ஒண்ணாவது பிழைக்கட்டும்னு கொண்டாந்தேன்” என்றார்.

அவள் அப்போது ஊரில்தான் இருந்தாள். வந்து பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இந்தக் கிருமியை நேராகக் கொல்கிற மருந்து இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர் ஊசி போடுவார், புண்ணில் வேறு கிருமி ஏறாமல் பார்க்கலாம், நிழலில் வைத்துக் கம்பங்கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் தேறுகிற ஆடு தேறும் என்றாள். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும், இப்படித் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ மருந்து இல்லையாம்மா?” என்று இன்னொரு தடவை கேட்டார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: “நா என்ன கண்டுபிடிச்சேன்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம்லா பெரியப்பா.” இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அதுதான். அதுவும் சத்தம் போட்டு இல்லை. அவள் கூடப் படித்தவர்கள், வழிகாட்டி, ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியர்கள் எல்லாரும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றாதா? ஆராய்ச்சி செய்கிறவருக்கு அதைவிடப் பெரிய இழுக்கு இல்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

மறுப்பு எழுதிப் போட்டேன். பொய் பறந்து போன ஊருக்கெல்லாம் மறுப்பு நொண்டிக்கொண்டுதான் போனது. தை மாதம் வரை போன் வந்தது.

அவள் கோபப்பட்ட அன்று சாயந்திரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நீ செய்தது என்ன, நான் புரிந்துகொள்கிற மாதிரி சொல் என்றேன். இரண்டு மணி நேரம் ஆனது. நீலநாக்குக் கிருமியில் இரண்டு டஜனுக்கு மேல் வகை உண்டு. நம் நாட்டில் உள்ள தடுப்பூசி ஐந்து வகைக்குத்தான். நம் பக்கத்தில் சுற்றுவது எந்த வகை என்று தெரிந்தால்தான் அந்த ஊசி இங்கே எந்த அளவுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியும். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதினோம்: “செம்மறி ஆடுகள் சாகும் ஊர்களில் எந்த வகைக் கிருமி சுற்றுகிறது, நோய் தெரியாமல் நிற்கும் மாடுகளுக்கு அதில் என்ன பங்கு, எந்தப் பூச்சி கொண்டுவருகிறது என்று ஆராய்ந்தார்.” மருந்து என்ற சொல் அதில் இல்லை. அதைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். “அப்படீன்னா அடுத்த வருசம் ஊசி போடயில சரியான ஊசியா போடலாம், அதுதான?” என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. இனி யார் கேட்டாலும் இதுதான் என்று முடிவு செய்தேன். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மேடை, பந்தல் எல்லாம் அதற்கு அப்புறம் போதும்.

விழாவைத் தைக்குத் தள்ளி வைத்தோம். கமிட்டிக் கூட்டம் போட்டால் எங்கள் ஊரில் ஒருவர் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்பார். பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா, வேண்டாம். சொசைட்டியில் வைக்கலாமா, வேண்டாம். சரி வைக்கவே வேண்டாமா, அதுவும் வேண்டாம். மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஆயிரத்து இருநூறு வருஷப் பழசு. சபையில் சொல்வதற்கெல்லாம் “அன்று, அன்று”, அதாவது அல்ல, அல்ல என்று முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

அடுத்து, அவளைப் பற்றி மேடையில் என்ன சொல்வது? உன் சாதனைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தா, உனக்கு முக்கியமானதை மேலே போடு என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது தங்கப் பதக்கம் மேலே இருக்கும் என்று. அது மூன்றாவதாக இருந்தது. முதலில் இருந்தது ஒரு ஆய்வுக் கட்டுரை. இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பி, மூன்றாவது இதழில் திருத்தச் சொல்லித் திருத்தி வெளிவந்தது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. முதல் பெயர் என்றால் வேலையில் பெரும்பங்கு அவளுடையது என்று அர்த்தமாம். இதழ்களுக்கும் தரம் உண்டு. வேளாண் அறிவியல் அகாதமி ஒவ்வொரு இதழுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது, இவர்கள் அதை நாஸ் மார்க் என்கிறார்கள். நம் சொசைட்டியில் பாலுக்குக் கொழுப்பு பார்த்து விலை போடுகிற மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவதாக இருந்ததைப் பார்த்துத்தான் வெட்கமாகப் போனது. முதுகலை சேரும்போது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்துகிற தேர்வு எழுதி உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். அந்தப் பணத்தில்தான் படித்திருக்கிறாள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒரு மிட்டாய் கொடுத்ததில்லை. அவள் அப்பாவுக்கே அது ஏதோ ஸ்காலர்ஷிப் என்றுதான் தெரியும்.

ஆனால் அவன் வேறொன்றை ரொம்ப நம்பினான். மார்கழியில் அவளுக்கு ஒரு ஈமெயில் வந்தது. “இளம் விஞ்ஞானி விருதுக்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்.” வேறு மாநிலத்தில் நட்சத்திர ஹோட்டலில் விழா, பதிவுக் கட்டணம் 8,500 ரூபாய். இரண்டு குட்டியை விற்றுக் கட்டிவிடலாம் என்று தம்பி என்னிடம் வந்தான். விழா மேடையில் சொல்ல ஒரு விருது இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் ஆசை. அவள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். நான் விண்ணப்பிக்கவே இல்லை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? தேர்வுக் குழுவில் யார் யார்? போன வருஷம் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? விருது கொடுக்கிறவன் வாங்குகிறவனிடம் காசு கேட்பானா? போன வருஷப் பட்டியலை அவளே எடுத்துக் காட்டினாள். கல்யாணப் பந்தி மாதிரி வரிசை வரிசையாக ஆட்கள் ஷீல்டோடு நின்றார்கள். “இதுக்கு டவுன்ல ஷீல்டு கடைக்குப் போனா முந்நூறு ரூவாயில நம்மளே வாங்கிரலாம் அப்பா” என்றாள். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஆராய்ச்சிக் கழகம் ஜவாஹர்லால் நேரு பெயரில் விருது கொடுத்து வந்திருக்கிறது. அது மாதிரி ஒன்றுக்கு முறைப்படி விண்ணப்பம் போட வேண்டும், ஆய்வேட்டை ஆட்கள் உட்கார்ந்து படிப்பார்கள், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றாள். குட்டிகள் தப்பித்தன.

பேராசிரியரைக் கூப்பிடுவதில் ஒரு விஷயம். போனில் “வந்திருங்க சார்” என்றால் வர மாட்டார்கள், வரவும் முடியாது. கல்லூரி முதல்வர் வழியாக முறையாகக் கடிதம் போக வேண்டும், குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். நாங்கள் பத்து நாள் இருக்கும்போது போட்டோம். வழிகாட்டி வரவில்லை, வாழ்த்துக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி: ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைத் தயவுசெய்து மேடையில் படியுங்கள்.

அதுவரை ஆய்வேட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேளாண், கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைக் கிருஷிகோஷ் என்ற தளத்தில் போட்டு வைக்கிறார்கள், யாரும் தேடலாம். எனக்கு அவளிடமே அட்டை போட்ட பிரதி இருந்தது. ஆங்கிலம்தான்; ஆனாலும் பெயர்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம். பேராசிரியர்கள், ஆய்வகத்தில் கூட நின்றவர்கள், அப்பா, அம்மா. அப்புறம் ஒரு பத்தி முழுக்க ஆடு மேய்க்கிறவர்கள் பெயர். பதினெட்டு பேர், ஊரோடு. முதல் பெயர் தாத்தாவுடையது.

ஏன் என்று கேட்டேன். அவள் அரசூர் கதையைச் சொன்னாள். ஆட்டுக்கொல்லி என்ற வேறொரு நோயை நம் நாட்டில் முதன்முதலில் அடையாளம் கண்டது 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். பார்க்க அந்தக் காலத்து மாட்டு வெக்கை மாதிரியே இருக்கும். அந்த ஊர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியை வைத்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் தடுப்பூசி உண்டாக்கினார்கள். அந்தக் கிருமிக்கு இன்றைக்கும் பெயர் அரசூர் 87. “ஊர் பேரு நிலைச்சுட்டு பெரியப்பா. ஆட்டைக் குடுத்த ஆளு யாருன்னு தேடிப் பாத்தேன், எங்கயும் இல்ல.” அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அழைப்பிதழில் பதினெட்டுப் பெயரையும் சேர்த்து மறுபடி அச்சடித்தோம். வேண்டாம் என்று சொல்கிறவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பரிசுக்கு ஊரில் 23,000 ரூபாய் சேர்ந்திருந்தது. மோதிரம் போடலாம் என்றார்கள் பெண்கள். அவளிடமே கேட்டோம்; இதையும் சொல்லி வைக்கிறேன், கேட்டுவிடுவது நல்லது, வீட்டு அலமாரியில் இருக்கிற ஷீல்டுகளை யாரும் துடைப்பதில்லை. அவள் கேட்டது: ஒரு நல்ல ஐஸ் பெட்டி, மீதிப் பணத்துக்குத் துண்டுப் பிரசுரம். அவளே எழுதித் தந்தாள், ஒரே பக்கம், பெரிய எழுத்து. மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி. மாலை மங்கும் நேரத்திலும் விடிகாலையிலும் குளத்தோரச் சேற்றில் ஆட்டை விடாதே. கிடையில் வேப்பிலைப் புகை போடு. மாட்டையும் ஆட்டையும் ராத்திரி ஒரே இடத்தில் அடைக்காதே. மூஞ்சி வீங்கினால் 1962. கீழே அவள் பெயர் இல்லை. போட வேண்டாமா என்றதற்கு, மறுபடியும் மருந்து கேட்டுச் சாக்கோடு வந்துவிடுவார்கள் என்றாள். இது சிரித்துக்கொண்டு சொன்னது.

விழா நாளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சொசைட்டி முற்றம், சாமியானா, நாற்காலி, மைக் கொஞ்ச நேரம் கூவியது. வந்தவர்களுக்குப் பொன்னாடைக்குப் பதில் சின்னப் பத்தமடைப் பாய். பேச்சாளர் மூன்று பேர் மட்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒருவர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார், அது கணக்கில் இல்லை. நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்தேன். அப்புறம் பதினெட்டுப் பெயரையும் படித்தேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் துண்டைத் தலையில் கட்டியபடி நின்றவர்கள், பெயர் சொன்னதும் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தாத்தா மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் இறங்கிப் போய் அவர் கையில் பிரசுரத்தைக் கொடுத்தாள். அவர் அதை எட்டாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார்.

எல்லாம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது என்னிடம் வந்து நின்றார். “செயலாளரய்யா, அந்தப் பெரிய பேனரு ஒண்ணு சும்மா கிடக்காமே?” டாக்டர் டாக்டர் ஃப்ளெக்ஸ் சொசைட்டி ரூமில் பால் கேனுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. கொடுத்துவிட்டேன்.

மாசியில் அவள் மறுபடி சாம்பிள் எடுக்க வந்தபோது கிடைக்குப் போனோம். நாலு கம்பு நட்டு, குட்டிகளுக்குக் கூரையாக அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார் தாத்தா. அச்சடித்த பக்கம் உள்ளே. ரோஜாப்பூவும் ஒளிவட்டமுமாக அவள் முகம் குட்டிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் புதிய ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“மேக்காம இன்னுங் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க தாத்தா,” என்றாள். “சாரல் அடிக்கும்.”